ஃப்ரீவீலில் மீன் எண்ணெய்

...மீன் எண்ணெய்தானே, தோலுக்கு ஊற்றியதில் மிஞ்சியது, டேனரியில் யார்தான் சைக்கிளுக்கு அதை விடவில்லை, கதவுக் கீலுக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான், அன்றைக்குக் காலையும் தேவசகாயம் பின்சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் நாலு சொட்டு விட்டான், மனைவி அன்னம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள், "இன்னாங்க, வண்டிக்குக் கொழம்பு வெக்கிறீங்களா? சீக்கிரம், டேனரி கேட்டை மூடிடுவான்," என்று சிரித்துக்கொண்டே கேரியரில் ஏறினாள்... பாலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் மிதி ஒருமுறை வெறுமையாகச் சுற்றியது, ஒரே ஒரு முறை, கால் பிடிமானமில்லாமல் கீழே போக, வண்டி சாய்ந்தது, அவள் லாரிப் பக்கம் விழுந்தாள், அவன் இந்தப் பக்கம். அந்த ஒரு சுற்று ஏன் வந்தது? அவள் போன இந்த நாற்பது நாளாக வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை. இப்போது ஆம்பூர் கடைத்தெருவில் வாஹித் பாஷா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், கேட்டால் சொல்லிவிடுவார், எண்ணெயா செயினா, சொல்லிவிட்டால் போதும்.

அவள் விழுந்த அன்றைக்குப் புது ஃப்ரீவீல் மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதுப் பல்லுக்குப் பழைய செயின் சேராது, நீண்டுபோன செயின் பல்மேல் ஏறி வழுக்கும், ரெண்டையும் சேர்த்து மாற்றணும் என்று பாஷா மாட்டும்போதே சொன்னார், ஆனால் செயின் கடையில் இல்லை, அடுத்த வாரம் வாப்பா என்றார், இவன் போகவில்லை... போயிருந்தால்? பாஷா ஃப்ரீவீலைத் திறந்தார். உள்ளே எண்ணெய் அரக்குபோல் இறுகி, பல்லைப் பிடிக்க வேண்டிய சின்னக் கட்டைகள் எழும்பாமல் ஒட்டிக் கிடந்தன. அதுதானா? தன் கையால் விட்டதுதானா?

"நாப்பது நாள் நின்ன வண்டி, இறுகாம இன்னா பண்ணும்? அன்னிக்கு எப்டி இருந்துச்சோ, யாரு கண்டா," என்றார் பாஷா, மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவிக்கொண்டே. கொஞ்சம் வேகமாகவே கழுவினார். "செயினாவும் இருக்கலாம். செயின்னா அது எம்மேல."

இவர் எதற்கு அதைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்... மாட்டி முடித்ததும் பாஷாவே ஏறித் தெருக்கோடி வரை போய் வந்தார். "ஒண்டி ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. லோடு விழுந்தாத்தான் செயின் வழுக்கும். நான் பின்னாடி குந்திக்கிறேன், நீ மிதி, பாத்துடலாம்."

தேவசகாயம் ஹேண்டில்பாரைப் பிடித்தான். பின்னால் பாஷா ஒரு கையால் கேரியரைத் தொட்டார். "வேணாம் பாய்," என்றான். "செயினாவது மாத்திக்கினு போப்பா, வந்திருக்குது," என்றார் அவர். அதற்கும் வேண்டாமென்று தலையசைத்தான், மாற்றிவிட்டால் பிறகு எதைக் கேட்பது?

வீட்டுக்கு நேர்வழி இருந்தும் பாலத்துக்குத்தான் வண்டி போனது. ஏற்றம் தொடங்கியதும் சீட்டிலிருந்து எழுந்து நின்றான், வழுக்கு, இப்போது வழுக்கு, செயினென்று சொல்லிவிடு, முழு எடையையும் ஒரு மிதியில் இறக்கினான், அடுத்த மிதியில் இறக்கினான், லாரி ஒன்று ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது, எவ்வளவு அழுத்தினாலும் அது ஒருவன் எடைதான்... பாலம் முடியும்வரை அந்தப் பழைய செயின் ஒரு பல்கூடத் தவறவில்லை.