ரெண்டு வருஷம் ஓடினால் போதும்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் வந்து சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயரே சிடுமூஞ்சி. கல்யாணமான மூன்றாம் நாள் வைத்தார். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாய்தான் அவருக்குப் பிழைப்பு. "பிரேக்கை மிதிம்மா, என் காலை இல்லை" என்று சொல்லிச் சொல்லியே ஆயிரம் பேரைச் சாலைக்கு அனுப்பியிருப்பார். வீட்டிலும் அதே வாய்தான். நான் ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். ஆள் பிழைத்தார், பேச்சு போய்விட்டது.

அதற்குப் பிறகு லேப்டாப்தான் அவர் வாய். தட்டுவதை அது வாய்விட்டுப் படிக்கும். ஆண் குரல்தான், ஆனால் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று சொல்கிற குரல். நான் அதற்கு 'அறிவிப்புக்காரன்' என்று பெயர் வைத்தேன். போனில் தட்டிப் பார்த்தார். அவர் விரல் ஒன்று பட்டால் எழுத்து மூன்று விழுந்தது. பேப்பரில் எழுதிக் காட்டினார். அவர் கையெழுத்து அவருக்கே விளங்காது. அதுவும் அடுப்படியில் நிற்கிறவள் எதையென்று படிப்பது? எனக்குக் காதில் விழ வேண்டும்.

லேப்டாப்புக்கு வயது ஒன்பது. எங்கள் மகள் காலேஜில் படித்தபோது வாங்கியது. ஆன் செய்தால் கண் திறக்க ஏழு நிமிடம். ஒரு வரி தட்டினால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. ஒன்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மூன்றாவது விஷயத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள், "உங்க தங்கச்சிக்கு நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க!" என்று கத்துகிறேன். அறிவிப்புக்காரன் நிதானமாக, "ரெண்டு ஸ்பூன் போதும்" என்றான். அது காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நான் முன்பு கேட்டதற்குப் பதில்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏனென்றால் அவரிடம் கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் இப்போது பதிலுக்கு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வருகிற விருந்தாளி "எப்படி இருக்கீங்க?" என்பார், வட்டம் சுற்றும், "நல்லா இருக்காரா?" என்று என் பக்கம் திரும்பிவிடுவார். அவர் தட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு மூடியைச் சாத்துவார். என்னிடமும் அப்படித்தான் சாத்த ஆரம்பித்திருந்தார். பேசிப் பேசியே என்னைக் கொன்ற மனுஷன், வாயை மூடிக்கொண்டு கொல்ல ஆரம்பித்தார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. கொஞ்ச நாளாக, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது மாதிரி வழக்கமான விஷயத்துக்குத் திட்டினால் மட்டும் பதில் சட்டென்று வந்தது. "துண்டு காய்ஞ்சிடும், நீ காய்றதுதான் நிக்க மாட்டேங்குது." அவருக்குத்தான் ரோஷம் வந்து வேகமாகத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் குரல் கேட்க வேண்டும்போல் இருந்தால் துண்டுச் சண்டையை நானே இழுப்பேன். சில நாள் துண்டு கொடியில்தான் இருக்கும். இருந்தாலும் இழுப்பேன்.

போன சனிக்கிழமை இரண்டு பேருமாக லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனோம். அந்த மெக்கானிக்கை எங்கள் தெருவில் எல்லாரும் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். திருகாணி கழற்றி, உள்ளே ஊதி, நாடி பிடிப்பதுபோல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியையும் கூட்டினா வேகமா வேலை செய்யும். ஆனா போர்டு பழசு. ரெண்டு வருஷம் ஓடும், அதுக்கு மேல கேக்காதீங்க. புதுசு வாங்கினா எட்டு, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. குரலை அதிலேயும் ஏத்தித் தரேன்."

"புதுசுதான்" என்றேன் நான்.

இவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து ஆட்டினார். ரெண்டு வருஷம் ஓடினால் போதுமாம்.

"பாத்தீங்களா டாக்டர்? கஞ்சன்! தினம் இதோட மாரடிக்கிறது நான். மகள் பாதி காசு தரேங்கறா. இவருக்கு மனசு வரல!"

அவர் மெதுவாக ஒரு சீட்டில் எழுதினார். ஒரே வரி: வியாழனுக்கு அப்புறம். வியாழக்கிழமை அவருக்கு ஸ்கேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசும் பேச்சு இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றில் போக வேண்டுமா, ஃபைல் எங்கே. தள்ளிப்போடுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்து, வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

திங்கட்கிழமை எனக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது. அவர், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மாதிரிக் கேள்வித்தாள் கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருந்தார். பேச வேண்டாத வேலை, லேப்டாப் வீட்டில்தான் இருந்தது. இதுதான் சமயம் என்று லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டேன். எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிக் கையில் கொடுத்துவிட்டால் என்ன செய்வார்? ஒரு மனுஷனின் வாயைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால்தான் வரும்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடி சரிந்து சரிந்து விழுந்தது. நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அவர் மேஜையிலிருந்தே சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, "கழட்டுங்க" என்றேன். காதுப்பக்கத் திருகாணியை இறுக்கி, மூக்குத் தாங்கியை உள்ளே வளைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தவர், "இதென்னம்மா, 'தயார்'னு ஒண்ணு இருக்கு? இருநூத்திச் சொச்சம் வரி சேத்து வச்சிருக்கார். இதையும் ஏத்தணுமா?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலைப்பு. ஈரத் துண்டு. பல்பு மாத்தலை. என் தங்கச்சி, ஒன்று. என் தங்கச்சி, இரண்டு. செருப்பை வாசல்ல விட்டது. நீ எங்கே கேக்கறே. உப்பு. எல்லாம் நான் போடுகிற சண்டைகள். நான் என்ன சொல்லித் திட்டுவேன் என்பது அவருக்கு மனப்பாடம். நான் கடையில் இருக்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தட்டித் தயாராக வைத்திருக்கிறார், நான் அடுத்ததுக்குப் போவதற்குள் ஒரு தட்டில் சொல்லிவிடலாம் என்று. சண்டை போடக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே.

கடைசித் தலைப்பில் என் கண் நின்றது. பயமா இருக்கா?

இதை நான் கேட்டதே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று கேட்கவில்லை. நான் கேட்காத கேள்வி அந்த ஒன்றுதான். அதற்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"திறந்து பாக்கவாம்மா?"

"வேண்டாம். மூடுங்க. இன்னைக்கு எதுவும் செய்ய வேண்டாம்."

வீட்டுக்கு வந்தால் அவர் முன்னாடியே வந்துவிட்டிருந்தார். காலி மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் கோபம். அதைச் சொல்லத்தான் வாய் இல்லை. அது என் துணிப்பையில் இருந்தது.

"தப்புதான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த வார்த்தையைச் சொன்னது இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ. மேஜையில் வைத்து ஆன் செய்தேன். ஏழு நிமிடம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண் திறந்ததும் ஒரு தட்டுத் தட்டினார். 'கேக்காம எடுத்தது' என்ற தலைப்பில் இருந்த வரி போலிருக்கிறது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, திருட்டுச் சிடுமூஞ்சி" என்றான் அறிவிப்புக்காரன்.

நான் சிரிக்கவில்லை. "என்னங்க, பயமா இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். 'தயார்' பட்டியலை நான் பார்த்துவிட்டேன் என்று புரிந்திருக்கும். மெதுவாகக் கீழே போய், கடைசி வரியைத் தட்டினார்.

"எனக்கென்ன பயம்? இருபத்தெட்டு வருஷம் உன் சாம்பாரைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கேன்."

"இது முன்னாடியே தட்டி வச்சது" என்றேன். "இப்ப கேக்கறேன். இப்ப சொல்லுங்க."

ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். நடுவில் நின்றார், அழித்தார், மறுபடி தட்டினார். வட்டம் சுற்றியது. குக்கர் இரண்டாவது விசில் அடித்தது, மூன்றாவது அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. கடையில் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் யோசித்துச் சொல்லும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன். அவசரப்படுத்த மாட்டேன். எத்தனை வருடம் அந்தப் பொறுமையை ஊருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஏற்றம் இறக்கம் இல்லாத குரல் கடைசியில் வந்தது.

"ரொம்பப் பயமா இருக்கு. ஸ்கேன்ல ஏதாவது வந்துட்டா புது லேப்டாப் வீணாப் போயிடும். அதான் ரெண்டு வருஷம் ஓடினா போதும்னேன்."

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அட கிறுக்கு மனுஷா! இதுக்கா? நான் ஊரைக் கூட்டிக் கஞ்சன் கஞ்சன்னு கத்தினேனே, அப்பவாவது சொல்லக் கூடாது? எனக்கு மட்டும் பயம் இல்லையா? ராத்திரி உங்க கழுத்துத் துளைக்கிட்ட கை வச்சு மூச்சு வருதான்னு பாக்கறேன், தெரியுமா? வீணாப் போனா போகட்டும். பத்து வருஷம்னா பத்து வருஷம், ஒரு நாள்னா ஒரு நாள். அந்த ஒரு நாளும் நீங்க சொல்றது எனக்கு அப்பவே கேக்கணும். அவ்வளவுதான்."

அவர் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். சாதம் குழைந்து போயிருந்தது. அதையே சாப்பிட்டோம்.

புதன்கிழமை போய் வாங்கினோம். வியாழனுக்கு அப்புறம் இல்லை, வியாழனுக்கு முன்னால். டாக்டர் அதே குரலை ஏற்றினார். வேறே நல்ல குரல் இருக்கிறது, ரேடியோவில் பேசுகிறவர்போல் இனிமையாக இருக்கும் என்றார். அறிவிப்புக்காரனே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். 'தயார்' பட்டியலை ஏற்றும்போது, இவர் கையை நீட்டி நிறுத்தி, கடைசி வரியைத் தானே அழித்தார். பிறகு மளமளவென்று தட்டினார்.

"வாரண்டி எத்தனை வருஷம்?"

"மூணு வருஷம் சார். காசு கட்டினா அஞ்சு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம்."

"அஞ்சு" என்றான் அறிவிப்புக்காரன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுததை மறைக்க, "என்ன கூனிக்கிட்டு, நிமிந்து உக்காந்து..." என்று ஆரம்பித்தேன். 'தட்டுங்க' என்று முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நீ முதல்ல மூக்கைச் சிந்து, சிடுமூஞ்சி."