புரோத்தனும் துண்டுதான்

கண்டியில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் பௌதிகத்துறைத் தலைவர் கலாநிதி செல்லப்பா. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஒருமுறை மூன்று நாள் போய்வந்தவர். அங்கே துகள்களை வேகமேற்றி மோதவிடும் ஆர்முடுக்கிக்கு முன்னால் எடுத்த படம், ஆர்முடுக்கி முக்கால்வாசி அவருக்குப் பின்னால் மறைந்திருக்க, அவர் அறைச் சுவரில் தொங்கியது.

அவருடைய பெருமையெல்லாம் ஒரேயொரு வரைபு. இரண்டு தங்க அணுக்கருக்களை மோதவிட்டால், மோதும் வேகம் கூடக் கூடத் துண்டுகளும் கூடிக்கொண்டே போகும் என்றது அது. பத்து வருடங்களாக அதையே காட்டி வந்தார்.

பிலிமத்தலாவையிலிருந்து வந்து அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த பிரேமிளா, அதே மோதலைக் கணினியில் நடத்திப் பார்த்தாள். மெதுவாக மோதிய கரு சூடேறி, சில நியூத்திரன்களை உதிர்த்துவிட்டு அடங்கியது. பலமாக மோதியபோது காபன், ஒட்சிசன் கருக்களின் அளவில் பல துண்டுகளாகச் சிதறியது. அதற்கும் மேலே போனால் அந்தத் துண்டுகளும் நிலைக்கவில்லை; தனிப் புரோத்தனும் நியூத்திரனுமாகக் கலைந்துபோயின. அவளுடைய வரைபு ஏறி, பிறகு இறங்கியது.

"சேர், நீங்க தனிப் புரோத்தனையும் துண்டுன்னு எண்ணியிருக்கீங்க. பல துகள் சேர்ந்து ஒட்டியிருந்தாத்தானே துண்டு, இது ஒத்தைத் துகள். அதை எடுத்துட்டா கோடு இறங்குது."

"தேங்காய ஓங்கி அடிச்சா துண்டு கூடத்தான் செய்யும். இதைப் படிக்கவா பட்டம் வாங்கிட்டு வந்த?"

அடுத்த வாரக் கருத்தரங்கில் செல்லப்பா அதே வரைபைத் திரையில் காட்டினார். படங்களை மாற்றிக் கொடுக்கக் கணினி முன் பிரேமிளா உட்கார்ந்திருந்தாள். அக்குறணையைச் சேர்ந்த விரிவுரையாளர் ஹில்மி எழுந்தார்.

"சேர், தனிப் புரோத்தனும் இதுல துண்டா?"

செல்லப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அது என் மாணவி செஞ்ச கணிப்பு. புதுசு, பாவம்."

மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பிரேமிளா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இந்த வரைபு வந்தப்ப நான் பள்ளிக்கூடத்தில படிச்சிட்டிருந்தேன் சேர். நான் செஞ்சது இது" என்று தன் வரைபைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

"இதுதான் சரி. பரிசோதனைகள்ல அளந்ததும் இப்பிடித்தான் ஏறி இறங்குது" என்றார் ஹில்மி.

செல்லப்பா உடனே தேநீர் இடைவேளை அறிவித்தார். தேநீர் இன்னும் வந்து சேரவில்லை. வெறும் மேசையைச் சுற்றி நின்றவர்களிடம், "பிழையைச் சொல்வாளான்னு சோதிச்சுப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை, அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

பிரேமிளா வேறு மேற்பார்வையாளரிடம் மாறினாள். அவள் கட்டுரை வெளிவந்ததும், தன் பெயர் ஏன் முதலில் இல்லை என்று கேட்டுச் செல்லப்பா நீண்ட கடிதம் எழுதினார். அதில் 'புரோத்தன்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.