மூடுபனியில் எண்ணிக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுன்சோன் நகரில் ஏரிப் பனி ஜன்னல் வரை வந்து நிற்கும். போங் கில்வொன் கணினியில் அந்தப் போர் விளையாட்டைப் போட்டால் அதற்குள்ளும் பனிதான். அவனே வைப்பது. பயிற்சிக்கு எந்த மலையைத் தேர்ந்தெடுத்தாலும் பனியை முக்கால் பங்கு ஏற்றிவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவான். முன்னால் போகிறவரின் முதுகு பத்தடியில் கரைந்துவிடும். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்டிப் பிழைக்கிற மனுஷன், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் எட்டுப் பேருக்கு வாத்தியார்.

எட்டுப் பேரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிற, குடும்பம் குட்டி உள்ள ஆட்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சாகிற விளையாட்டு இல்லை இது. நான்கு பேர் மண்டியிட்டுக் காவல் காக்க, மற்ற நான்கு பேர் நகர வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயலைக் கடக்க நாற்பது நிமிடம் ஆகும். வெளியாள் பார்த்தால் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் கில்வொன் "எண்ணு!" என்பான். கட்டாய ராணுவச் சேவையில் வரிசையில் நின்ற அவன் நாட்டு ஆண்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிய வழக்கம் அது. ஒன்று, இரண்டு என்று குரல்கள் வரும். கடைசி ஆள் "எட்டு, முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் அடுத்தவரும் திறக்கக் கூடாது. எண்ணிக்கை முடியாமல் ஓரடி நகரக் கூடாது. பேசுகிறவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியைக்கூட அவன் எடுத்துவிட்டிருந்தான். "சண்டையில எவன் நெத்தியில பேரு எழுதி ஒட்டியிருக்கு? காதைத் தீட்டிக்கங்கப்பா!" என்பான். கைவிளக்குக்கும் தடை. "பனியில விளக்குப் போடுறது, எதிரியை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி."

கொடுமையைப் பாருங்கள், அவனுடைய காதுதான் போய்க்கொண்டிருந்தது.

இருபது வயதில் பீரங்கிப் பிரிவில் இருந்தவன். காதில் பஞ்சு வைத்தால் கூட இருந்தவர்கள் கேலி செய்த காலம். அப்போது வாங்கிய அடி இருபத்தாறு வருஷம் கழித்து வட்டி போட்டு வந்திருந்தது. இடது காது முழுக்கப் போயிற்று. வலது காது போகிற வழியில் இருக்கிறது என்றார் டாக்டர். அவர் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஹெட்போனைப் போட்டால் ஊளையிட்டது. மெஷின் மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

பங்குனி வெயில் போல் மெல்ல ஏறிய மௌனம் அது. முதலில் ஏரிக்கரை நாரைகள் வாயை மூடின. பிறகு சோற்றுக் குக்கரும் வாயை மூடியது. கடைசியில் உலகமே தண்ணீருக்கு அடியில் இருந்து பேசியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை அவன் விடவில்லை. ஐந்து வருஷம் கேட்ட எண்ணிக்கை ஆயிற்றே! மூன்றாம் ஆள் அவசரக்காரன், இரண்டோடு ஒட்டிக்கொண்டு சொல்வான். ஆறாம் ஆள் தோக்ஹோ, பூசானில் மீன் அப்பக் கடை வைத்திருப்பவன், எதையாவது மென்றுவிட்டுத்தான் சொல்வான். எட்டாம் ஆள் ஹாக்யோங், வொஞ்சுவில் நர்ஸ், மூச்சை இழுத்து அழுத்தமாக முடிப்பாள். அந்த இடைவெளிகளை மனதுக்குள் ஓடவிட்டு, கனவில் கேட்பது போல் எட்டுக் குரலையும் கேட்டுவிட்டு, "சரி, நகரு" என்பான். கேட்காததைக் கேட்டதாக நடிக்கிறோம் என்றே சில நாள் அவனுக்குத் தோன்றாது.

ஒரு ஞாயிறு குட்டு உடைந்தது.

நடுப் பயிற்சியில் தோக்ஹோ வீட்டு வாசலில் கறுப்பு நூடுல்ஸ் பார்சல் வந்துவிட்டது. சொல்லாமல் எழுந்து போய்விட்டான் அந்தத் தின்னிப் பண்டாரம். "எண்ணு!" என்றான் கில்வொன். ஐந்தோடு எண்ணிக்கை நின்றது. முறைப்படி ஏழும் எட்டும் வாயைத் திறக்கவில்லை. கில்வொனோ மனதுக்குள் ஆறுக்கு மெல்லும் நேரம் விட்டு, ஏழைத் தாண்டி, எட்டையும் முடித்து, "சரி, நகரு!" என்று பனிக்குள் நடந்தான். யாரோ கத்தியிருக்க வேண்டும். அவனுக்கு அது எட்டவில்லை. வாத்தியார் போகிறாரே என்று மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

சற்று நேரத்தில் திரையின் ஓரத்தில் தோக்ஹோவின் எழுத்து வந்தது. "அட பாவிகளா, எங்கய்யா போனீங்க? வாய்ல நூடுல்ஸோட அனாதையா நிக்கிறேன்!"

அதன்கீழ் எல்லோரும் சிரித்து எழுதினார்கள். ஹாக்யோங் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, நான் எட்டு சொல்லவே இல்லையே" என்று எழுதினாள்.

கில்வொன் கணினியை அணைத்தான். அவமானம் பிடுங்கித் தின்றது.

வாரம் முழுக்கத் தொலைபேசி மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை. ஒட்டிய காகிதங்களில் குமிழி விழுந்தது. மதியச் சோற்றை மறந்து, விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினான், அடித்தான், எழுதினான். அந்த இரண்டு மணி நேரத்தையும் விட்டுவிட்டால் தான் வெறும் பசைச் சட்டிதான் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மனைவி மிசுக் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அவள் உதட்டை அவன் படிப்பான். இருபது வருஷம் பார்த்த உதடு.

"ஏங்க, காதுதானே போச்சு? வாயுமா போயிருச்சு? அவங்ககிட்டச் சொல்லித் தொலைங்களேன்!"

"சொன்னா பாவம் பார்ப்பாங்கடி."

"பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க. நான் தினம் பார்க்கலையா?"

"நீ எங்க பார்த்த? திட்டத்தான செய்யுற."

"அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஞாயிறு வந்தது. ஜன்னலில் பனி. கடிதம் தயாராக இருந்தது. பயிற்சியைத் தொடங்கிவிட்டுத் திரை ஓரத்து எழுத்துப் பெட்டியில் ஒட்டினால் போதும். ஹெட்போனை மாட்டினான். அறைப் பனிக்கும் திரைப் பனிக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. வெள்ளைக்குள் சோளத்தட்டைகள் மட்டும் மங்கலாக அசைந்தன. ஒருவரையும் காணோம். பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எண்ணு!"

ஒன்றுமில்லை. மனதுக்குள் குரல்களை ஓடவிடப் பார்த்தான், அவையும் வரவில்லை. யாருமே வரவில்லை போலிருக்கிறது, வரத்தான் எதற்கு என்று நினைத்துக்கொண்டு கடிதத்தை ஒட்டக் கையை எடுத்தான்.

இடது ஓரத்தில், பனிக்குள், ஒரு வெளிச்சம் பூத்து அணைந்தது.

தள்ளி இன்னொன்று. இரண்டு முறை. அதோடு ஒட்டிக்கொண்டு அவசர அவசரமாக மூன்று. கில்வொனின் கை நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு, ஐந்து. பிறகு ஓர் இடைவெளி, யாரோ எதையோ மென்று விழுங்குகிற நேரம். ஆறு முறை மினுங்கிவிட்டு அந்த வெளிச்சம் கோமாளித்தனமாக ஒரு வட்டம் போட்டது. ஏழு. கடைசியாக வலது கோடியில் நிதானமாக, அழுத்தமாக எட்டு. அப்புறம் இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. முடிஞ்சுது.

கண் கலங்கித் திரை முழுக்க வெளிச்சமாகிவிட்டது. "எவன்டா விளக்குப் போட்டது?" என்று கத்தினான். "எதிரியை வெத்தலை பாக்கு வெச்சு..."

எதிரியும் அழைப்பை மதித்து வந்துவிட்டான். இரண்டே நிமிடத்தில் எட்டுப் பேரும் வாத்தியாரும் சோளக்காட்டில் செத்துக் கிடந்தார்கள்.

எழுத்துப் பெட்டியில் தோக்ஹோ வந்தான். "வாத்தியாரே, செத்ததுல எனக்கு வருத்தமில்ல. ஆனா விளக்கை மறைச்சுக் காட்டுறது எப்படின்னு நீங்க சொல்லியே குடுக்கலையே? அரைகுறை வாத்தியாரா இருக்கீங்களே!"

ஹாக்யோங் எழுதினாள்: "அஞ்சு நாளா ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து இதுகளுக்கு விளக்கை மினுக்கப் பழக்கியிருக்கேன் அண்ணே. தோக்ஹோவுக்கு ஆறு வரைக்கும் எண்ணவே தெரியல. மிச்சத்தை நீங்க பாருங்க."

கில்வொன் மூக்கை உறிஞ்சினான். கடிதத்தை அழித்தான். விளக்கின் முகத்தைக் கையால் பொத்தி, விரலிடுக்கை நம் ஆட்கள் பக்கம் மட்டும் திறக்க வேண்டும், மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு காட்ட வேண்டும் என்று இரண்டே வரி எழுதினான். ஹெட்போனைக் கழற்றி டிராயரில் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான். அறைக்குள் சத்தமே இல்லை.

"முதல்ல இருந்து" என்றான் மேஜை மைக்கில். "எண்ணு!"

பனிக்குள், தரையோடு தரையாக, முதல் வெளிச்சம் வந்தது.