மேற்கே உதித்த சூரியன்

காலை ஒன்பது மணி. சூரியன் மேற்கே இருந்தது.

ஹம்சினி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். மேற்கேதான். ஜன்னலுக்கு வெளியே, படாளம் வயல்களுக்கு மேல், அசல் சூரியன் கிழக்கே சுட்டெரித்துக்கொண்டிருந்தது.

வெளியே, கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் பதினாறு ஆன்டெனாக்கள். வானிலிருந்து வரும் ரேடியோ அலை ஒவ்வொன்றையும் இம்மி முன்பின்னாகத் தொடும். அந்தத் தாமதத்தைக் கணினியில் சரிக்கட்டிக் கூட்டினால், பதினாறும் சேர்ந்து ஒரே திசையில் காதைத் தீட்டும். எந்தத் திசை என்று அவள்தான் சொல்வாள். எட்டு மாதமாக அவள் பேச்சுத்துணை அவைதான்.

ஒன்பதரைக்கு, நிலையத்தை மதிப்பிடும் பெங்களூர்க் குழு ஆன்லைனில் வரும். சூரியனைச் சரியான இடத்தில் காட்டாவிட்டால் நிலையத்துக்கு மூடுவிழா.

தாழ்ந்த அலைவரிசையில் பார்த்தாள். மேற்கு. நடுவில்? மேற்கு. உச்சியில்? அங்கேயும் அதே பொய்!

பூஜை விடுமுறைக்கு முன்பு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று நாளும் மதுராந்தகம் வாடகை அறையில் தனியாகப் பொரி தின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

சீனியர் ஸ்ரீவத்ஸனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

"இன்னாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" வாசலில் வாட்ச்மேன் அப்பாசாமி.

"அண்ணா, லீவுல யாராவது உள்ளே வந்தாங்களா?"

"நான் கீறப்ப எவன் வருவான்? மெசினுக்குப் பூசை போட்டேன், அவ்ளோதான். ஆயுத பூசைக்குத் தொடைக்காம வுட்டா நல்லாவா கீது?"

ஹம்சினி ரிசீவர் பெட்டியின் பின்புறம் ஓடினாள். பதினாறு கேபிள் முனைகளிலும் சந்தனம், குங்குமம். எண் ஸ்டிக்கர்கள் பொட்டுக்கடியில்.

"எல்லாத்தையும் கழட்டினீங்களா?"

"கயட்டாம எப்டித் தொடைக்கிறது? ஒண்ணாம் நம்பர்லேர்ந்து கயட்டின வரிசையிலயே ஒண்ணுவுடாம மாட்டிட்டேன். கெயக்கால ஓட்டையிலேர்ந்து. நல்ல காரியத்த எவனாவது மேற்கால ஆரம்பிப்பானா?"

பெட்டியின் முதல் துளை மேற்கு ஓரத்தில்! ஒன்றாம் கேபிள் பதினாறில், பதினாறு ஒன்றில். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வானமே இடம்வலம் மாறியிருந்தது.

எண்ணைத் தேட, பொட்டின் மேல் கை வைத்தாள்.

"அயிக்காதம்மா!" அவர் குறுக்கே கை நீட்டினார்.

ஹம்சினி கையை எடுத்துக்கொண்டாள். கேபிளைத் தொடுவானேன்? கணக்கில் வரிசையைத் திருப்பினால் போதும். ஒரே வரி.

ஒன்பது இருபத்தொன்பது. சூரியன் கிழக்கே தாவியது.

குழு மூன்றே நிமிடம் இருந்தது. "குட். இன்னொரு வருஷம் ஓடட்டும். வேற ஆள் அனுப்ப முடியாது, நீங்களே பார்த்துக்குங்க." திரை இருண்டது.

ஜெயித்துவிட்டாள். யாரிடம் சொல்ல? வெளியே ஓடினாள். அப்பாசாமியின் டூட்டி முடிந்து சைக்கிள் போயிருந்தது. அவர் நம்பர்கூட அவளிடம் இல்லை. எட்டு மாதத்தில் கேட்டதே இல்லை.

உள்ளே வந்து, விடுமுறைக்கு முன் மேஜையில் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அதிலும் ஒரு பொட்டு.

இனி மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். ஹம்சினி நாற்காலியைக் கேட் பக்கம் திருப்பிப் போட்டாள்.