எல்லோர் காதிலும் விழுந்த கேலி

அந்தக் கட்டுமானத் தளத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கிரேனுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. ஆயினும் அப்பெயர் வந்ததற்குக் காரணம் வேலையன்று, வாய்.

கிரேன் ஓட்டுநர் உச்சியில், கூண்டுக்குள் அமர்ந்திருப்பார். கட்டடத்தின் பின்புறம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நின்றுகொண்டு அவள் வாக்கி-டாக்கியில் “இறக்கு, இறக்கு” என்று இடைவிடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் அவர் கொக்கியை நிறுத்த வேண்டும். அதுவே விதி.

வியாழக்கிழமை செங்கல் சுமை பாதி வழி இறங்கியபோது, கம்பி கட்டுபவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்துப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். சுமை அந்தரத்தில் நின்றது. அனைவரும் அண்ணாந்து பார்த்தனர். பிழையை மறைக்கும் அவசரத்தில், தளத்தின் எல்லா வாக்கி-டாக்கிகளிலும் ஒலிக்கும்படி அவள் கேட்டாள்:

“என்னண்ணே, மேல போய்க் கண்ணசந்துட்டீங்களா?”

தளமெங்கும் சிரிப்பு. தன் அறையில் கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஓட்டுநரைச் சாமான் அறையில் உட்கார வைத்துவிட்டார். “குரல் நின்னுச்சு, நிறுத்தினேன்” என்று ஓட்டுநர் சொன்னது எடுபடவில்லை. வேலையில் உறங்கினார் என்று சனிக்கிழமை அறிக்கை போகும். போனால், எந்தத் தளத்திலும் அவருக்கு இனிக் கூண்டு இல்லை.

“விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிட்டு வந்துடுடி,” என்றாள் அவள் அக்கா, வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் துணி மடித்தபடி. “அதுக்கு மேல பேசினா உன் வேலைக்கே உலை வெச்சுக்குவ.”

“அப்படிச் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன்க்கா. அவர் நிறுத்தினது சரிதான்னு யாருக்குத் தெரியும்?”

சனிக்கிழமை காலை, பொறியாளரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள்.

“எழுதிக் குடு, பார்க்கலாம்.”

“தரேன் சார். ஆனா நான் காகிதத்துல சொல்லல. எல்லார் காதுலயும் சொன்னேன்.”

அவர் வாய் திறக்குமுன் பொத்தானை அழுத்தினாள்.

“எல்லாரும் கேளுங்க. அண்ணன் தூங்கல. பேச்சை நிறுத்தினது நான். விதிப்படி அவர் நிறுத்தினாரு. நான் பழியை அவர் மேல போட்டேன்.”

கொத்தனார் குரல் வந்தது: “ரேடியோவுல இன்னைக்குத்தான் செய்தி வாசிக்கிறாங்கப்பா.”

“செய்திதான் கொத்தனாரே. அன்னைக்குச் சிரிச்சவங்க, கேட்டாச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

 முதலில் “கேட்டாச்சு” என்றார் கொத்தனார். கம்பி கட்டுபவரும் சொன்னார். ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லும்வரை அவள் அசையவில்லை.

பொறியாளர் அவள் கையிலிருந்து வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் செங்கல் அடுக்கும் வேலை என்றார். அவள் தலையசைத்தாள்.

மீண்டும் கூண்டில் ஏற அனுமதி கிடைத்த ஓட்டுநர், கிரேன் ஏணியை நோக்கிப் போகும் வழியில் அவளருகே நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

“நேத்து என் மக கேட்டா, ‘வேலைல தூங்கினியாப்பா’ன்னு. அவ வரைக்கும் போயிடுச்சு.”

“அவகிட்டயும் வந்து சொல்றேண்ணே. வீடு எங்க?”

அவர் வழி சொன்னார். எந்தத் திருப்பம், எத்தனையாவது வீடு என்று அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டாள்.