மூன்று பேர் போட்ட காரம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் இது என் நாக்கில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பக்கத்து வீட்டு மொங்கியா மரக்கரண்டியோடு வந்து கதவைத் தட்டினாள்.

"வாயைத் திறடி."

திறந்தேன். அடுத்த நொடி குழாயடியில் நின்றேன். (தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் யார் கடைப்பிடிக்கிறார்கள்?)

"ஐயோ, யாரு சமைச்சது இது?"

"லம்ஜத்."

"உன் மகனுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாதே!"

"அதான் வான்னு சொல்றேன். மதியச் சாப்பாட்டுக்கு மருமக வர்றா. இத வாயில வெச்சா அப்படியே திரும்பிப் போயிடுவா."

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: எங்கள் நாபுல் நகரத்து மொட்டைமாடிகளில் சிவந்த மிளகாய்ச் சரங்கள் காற்றில் அசைய, தூரத்தில் கடல்—

போதும். சுற்றுலாக்காரர்களுக்கா எழுதுகிறேன்? அடித்துவிட்டேன்.

அடுத்தது: லம்ஜத் ஒரு முரடன்.

இதுவும் பொய். லம்ஜத் பேருந்து ஓட்டுகிறவன். ஓடி வருகிற கிழவிக்காகப் பிரேக்கில் காலை வைத்துக் காத்திருப்பான். வாய்தான் அவனுக்கு எதிரி. மனைவி கைச் சமையலில் காரம் குறைந்தால் அவளுக்குக் கணவன் மேல் ஆசை குறைந்துவிட்டது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் அதை யாரும் நம்புவதில்லை என்பார்கள். முதல் வாய் வைக்கும்போது எல்லா ஆண்களும் கவனிப்பார்கள். சென்ற மாதம் அவனும் கவனித்தான்.

"குழம்புல காரத்தக் காணோமே இனெஸ். என் மேல இருந்ததும் போயிடுச்சா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னானாம். இனெஸ் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சூஸ் நகரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் நூறு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்த மாமியார்தான் உடைத்துச் சொன்னார்: "ராத்திரியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு முனகுறியாமே, தூக்கத்துல. உனக்காகத்தான்யா அவ காரத்தக் கொறச்சா."

(இதைக் கதையின் கடைசியில் வைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. இனெஸை நீங்கள் ஒரு பக்கம்கூடத் தப்பாக நினைக்கக் கூடாது.)

3

ஆகவே லம்ஜத் மாமியாரிடம் சொல்லி இனெஸைச் சாப்பாட்டுக்கு அழைத்தான்; மன்னிப்புக் கேட்கத் தானே கோதுமை ரவைக் கூஸ்கூஸும் குழம்பும் சமைத்தான். மன்னிப்புக்கு எத்தனை கரண்டி ஹரிஸ்ஸா? வீட்டில் இடித்த அந்த மிளகாய் விழுதை ஒரு பெரிய கரண்டி குவித்துப் போட்டிருக்கிறான். எந்தக் காரம் வேண்டாமென்று அவள் குறைத்தாளோ, அதையே போட்டு அன்பைக் காட்டுகிறான்! எங்கள் ஊர் ஆளைத் தவிர வேறு எவனுக்கு இது தோன்றும்?

நான் போனபோது மேல்பானையில் கூஸ்கூஸ் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. கீழ்ப்பானைக் குழம்பு செக்கச்செவேலென்று கொதித்தது.

"ஒரு கரண்டிக்கு இவ்வளவு எரியாதேடா."

லம்ஜத் அம்மாவைப் பார்த்தான். மொங்கியா அடுப்பைப் பார்த்தாள்.

"அவன் அந்தண்ட போனப்ப நானும் ஒண்ணு போட்டேன். சப்புன்னு இருந்தா, நாம அவள நெனைக்கவே இல்லன்னு நெனைச்சிடுவாளே!"

முதல் வரைவில் இதோடு நிறுத்தினேன். இரண்டு பேர் என்றால் நம்பும்படி இருக்கும். ஆனால் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. மொங்கியாவின் கணவர் ஹேதி.

"நான் சின்னக் கரண்டிதான் போட்டேன்" என்றார்.

நான் என்ன செய்ய? நடந்தது அப்படி.

மொங்கியா தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினால் ருசி போகும், காரம் போகாது. அது எண்ணெயில்தான் இருக்கும். அடுப்பை அணைத்து, மேலே மிதந்த சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் வழித்து வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்தேன். லம்ஜத் உருளைக்கிழங்கு சீவினான், பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. பூசணியும் வெந்த கொண்டைக்கடலையும் இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி கொதிக்கவிட்டோம். கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன். குழம்பைக் கூஸ்கூஸில் கலக்காமல் தனியாக வைக்கச் சொன்னேன்.

ருசி பார்த்தோம். எரிந்தது. ஆனால் உயிர் போகவில்லை.

4

இனெஸைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு வரைவில் அவள் வந்ததும் அழுது மன்னித்தாள். கிழித்துவிட்டேன், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இன்னொன்றில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அதையும் கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. வந்தாள். பையை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள். கண்ணில் நீர் கட்டியது.

"யாரு போட்டது?"

மூன்று கைகள் உயர்ந்தன. ஹேதியின் கை பாதிதான் உயர்ந்தது.

இனெஸ் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், இருமலும் சிரிப்புமாக, மேசையைத் தட்டிக்கொண்டு. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எழுந்து மோர் எடுத்து வந்து, முதல் டம்ளரை லம்ஜத் முன்னால் வைத்தாள்.

"குடி. இல்லாட்டி ராத்திரி நெஞ்சு எரியும் உனக்கு."

அவன் தலை நிமிரவில்லை. "என் வாய்தான் இனெஸ்…" என்று ஆரம்பித்தான். முடிக்காமலே ஒரே மூச்சில் மோரைக் குடித்தான்.

யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மொங்கியா வாசலிலிருந்த பையைக் காலாலேயே உள்ளே தள்ளினாள். (நான் பார்த்தேன். இனெஸும் பார்த்தாள்.)

5

வழித்தெடுத்த எண்ணெய்க் கிண்ணம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கதை சப்பென்று முடிகிறது என்பவர்கள் வந்து வேண்டிய மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். அவள் மாலையே சூஸுக்குக் கிளம்பினாள் என்று முடியுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் நான் கிளம்பும்போது இனெஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டே லம்ஜத்திடம் கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"சரி, நாளைக்கு யாரு சமைக்கிறது?"

அவன் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு என்று சொன்னது அவள். எனக்கு அது போதும்.