முதல் கட்டத்தில் எழுதியது

"அக்கா, கொம்பியூட்டரும் டொக்டர் படிப்பும் ஒண்டாப் படிக்கேலாதே?"

பதினான்கு வயதில் ஷாரன் கேட்ட கேள்வி அது. அமெரிக்காவில் பெரியம்மாவின் மகன் ஜெனோஷன் அப்படித்தான் படித்தான். கணினி முதன்மைப் பாடம். மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய பாடங்கள் கூடவே.

"ஏன் ஏலாது?" என்றாள் எப்சிபா. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்பட்டே படிப்பைப் பாதியில் விட்டவள், தங்கையிடம் மட்டும் தயங்காமல் பேசுவாள்.

ஐந்து வருடம் கழித்து, 2009 மே மாதம், ஊரில் போர் முடிந்தது. டேனிஷ் நகரமான வைலேயில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணையவே இல்லை. விமலராணி மாமி காலில் செல் குண்டுத் துண்டோடு வவுனியா முகாமில் கிடப்பதாகத் தகவல் வந்தது.

"கட்டுப் போடவும் ஆளில்லையாம். நான் டொக்டராத்தான் போகோணும்," என்றாள் ஷாரன்.

"அப்ப கொம்பியூட்டர்?"

"அதையும் விடமாட்டன்."

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூலை ஐந்து, பகல் பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கு முகாமிலிருந்து மாமியின் அழைப்பு வந்தது. ஷாரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ரெண்டையும் எழுதி அனுப்பிவிடக்கா," என்று கணினியைக் காட்டினாள்.

விருப்ப வரிசைக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. எப்சிபா ஜெனோஷனை நினைத்தாள். முதல் கட்டத்தில் கணினி, அடுத்ததில் மருத்துவம். அப்படியே நிரப்பி அனுப்பிவிட்டு, தங்கையின் இரண்டு ஆசையும் கைகூடப்போகிறதென்று மனம் குளிர்ந்திருந்தாள்.

ஜூலை முப்பதாம் திகதி கடிதம் வந்தது. அப்பா தேவதாசன்தான் பிரித்தார்.

"பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது! ஓகூஸ் யூனிவர்சிட்டியில கொம்பியூட்டர்! கேக் வாங்கட்டோ?"

"மற்றது எங்கயப்பா?" என்றாள் எப்சிபா.

ஷாரன் கடிதத்தைப் பறித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்து டேனிஷில் இரண்டே கேள்வி கேட்டாள். பிறகு மெல்ல வைத்தாள்.

"முதலாவது கிடைச்சா, கீழ எழுதினதைப் பார்க்கவே மாட்டினமாம். என்ர புள்ளிக்கு மருத்துவம் கிடைச்சிருக்குமாம்." அவள் நிமிர்ந்தாள். "ஆரக்கா கொம்பியூட்டரை முதல் எழுதச் சொன்னது?"

"ஜெனோஷன் அப்பிடித்தானே..." என்று இழுத்தாள் எப்சிபா.

"அது அமெரிக்கா!"

"அடுத்த வருஷம் பாப்பம், பிள்ளை," என்றார் அப்பா.

"மாமியின்ர காலுக்கும் அதையே சொல்லட்டோ?"

கடிதம் எப்சிபாவின் மடியில் வந்து விழுந்தது. ஷாரன் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். அக்கா "ஷாரன்" என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து போய்விட்டாள்.